முதல் பீடத்தை யார் தருவது?

பொது இடத்தில் சிற்பம் வைக்க விண்ணப்பிக்கும் புதிய சிற்பியிடம் முதலில் கேட்கப்படுவது, "இதற்கு முன் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். அமெரிக்க நகரங்களில் இந்தக் கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே ஏறிவிட்டது. நகராட்சிக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று பிலடெல்பியா 1959-இல் சட்டம் போட்டது. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. பொதுப் பணம் வந்ததும் அதற்குரிய நடைமுறைகளும் வந்தன. செய்து முடித்த வேலைகளின் படங்கள், ஒவ்வொன்றின் செலவு, முடித்த ஆண்டு, விசாரிக்க ஒருவர் பெயர் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு டன் எஃகு நடைபாதையில் நிற்கப்போகிறது, அதன் அடியில் குழந்தைகள் ஓடுவார்கள், நாளை ஒரு வெல்டு விட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அதிகாரிதான். ஆனாலும் விளைவு என்னவோ ஒன்றுதான்: அனுபவம் உள்ளவருக்கே வேலை கிடைக்கிறது, வேலை கிடைத்தவருக்கே அனுபவம் சேர்கிறது.

புதியவர் முன் இப்படி எழும் சுவரில் கதவு வைக்கும் முயற்சிதான் புதிய சிற்பிகளுக்கான போட்டி விருதுகள். அவை தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவற்றில் பல, கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போனவர் எங்கே உட்காருவார் என்று யோசிக்காமல் விட்டுவிடுகின்றன. ஒரு விருது நல்லதா என்று கேட்டால் நான் பார்ப்பது பரிசுத் தொகையையோ விழாவையோ அல்ல. வென்றவருக்கு இரண்டாவது வேலை எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்கிறேன்.

லண்டனில் தெற்கு கென்சிங்டன் பகுதியில், ஓல்டு பிராம்ப்டன் சாலை 108-ஆம் எண்ணில் இருக்கிறது டோரா ஹவுஸ். 1905-இல் தொடங்கப்பட்ட ராயல் சொசைட்டி ஆஃப் ஸ்கல்ப்டர்ஸ் அமைப்பின் வீடு அது. பொதுவெளிச் சிற்பத்தில் அனுபவம் குறைந்தவர்களுக்கென்றே அந்த அமைப்பு ஒரு விருது நடத்துகிறது. முதலில் கதவு எண்ணைச் சேர்த்து 'ஃபர்ஸ்ட் அட் 108' என்று பெயர் வைத்தார்கள், பிறகு 'ஃபர்ஸ்ட் பிளிந்த்' என்று மாற்றினார்கள். வென்றவர் பெரிய அளவில், வெளியில் நிற்கக்கூடிய ஒரு சிற்பத்தைச் செய்யப் பணம் தருகிறார்கள். செய்து முடித்ததும் அது தெருவைப் பார்த்த முன்முற்றத்தில் நிற்கும். மேற்சொன்ன சுவரைத் தட்டுவதற்கு இதைவிட நேரான வழி இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் "எங்கே வைத்தீர்கள்?" என்ற கட்டம் காலியாக இருக்காது. மழையில் நின்ற சிற்பத்தின் புகைப்படம் ஒன்று கையில் இருக்கும். அடித்தளம் போட்டவரிடமும் கிரேன்காரரிடமும் பேசிப் பழகிய அனுபவமும் இருக்கும்.

குறையும் அதே முற்றத்தில்தான் இருக்கிறது. அது ஒரு சிற்பிகள் சங்கத்தின் சொந்த இடம். எதிர்க்கும் வார்டு உறுப்பினர் அங்கே கிடையாது. சிலைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய் பற்றிப் பேச வரும் பொறியாளரும் கிடையாது. சிற்பம் சில காலம் நின்றுவிட்டு இறங்கிவிடும், எனவே இருபது ஆண்டு வெயிலும் உப்புக்காற்றும் உலோகத்தை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அங்கே பதில் தேட வேண்டியதில்லை. முதல் படிக்கு இது போதும். முழு ஏணி என்று இதை நினைத்துக்கொண்டால்தான் தொல்லை.

போட்டி வைத்துச் சிற்பியைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். அதில் நன்றாக நடந்த ஒன்று 600 ஆண்டுகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. 1401-இல் பிளாரன்ஸ் நகரத் துணி வணிகர் சங்கம், ஞானஸ்நானக் கோவிலின் வெண்கலக் கதவுகளுக்குப் போட்டி அறிவித்தது. கடைசிச் சுற்றில் ஏழு பேர். எல்லோருக்கும் ஒரே காட்சி: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்கும் கணம். எல்லோருக்கும் ஒரே அளவு வெண்கலம், ஓர் ஆண்டு அவகாசம். லோரன்சோ கிபெர்ட்டி அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், பொற்கொல்லர் பட்டறையில் தொழில் கற்றவர். பெரிய வெண்கல வேலை எதையும் செய்து காட்டியிருக்கவில்லை. வென்றது அவர்தான்.

அவருடைய பலகையும் பிலிப்போ புருனெலெஸ்கியின் பலகையும் இன்றும் பிளாரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புருனெலெஸ்கியின் காட்சியில் வேகம் அதிகம். தேவதை பாய்ந்து வந்து ஆபிரகாமின் கையையே பிடித்துவிடுகிறது. ஆனால் அவர் உருவங்களைத் தனித்தனியாக வார்த்துத் தகட்டில் பொருத்தினார். கிபெர்ட்டி கிட்டத்தட்ட முழுக் காட்சியையும் ஒரே வார்ப்பாக, பின்பக்கம் குடைவாக விட்டு எடுத்தார். அதனால் அவருடைய பலகை சுமார் 7 கிலோ எடை குறைவு. ஒரு பலகையில் 7 கிலோ என்றால் 28 பலகைகள் கொண்ட கதவில் எவ்வளவு வெண்கலம் மிச்சமாகும் என்று கணக்குப் போடத் தெரியாத வணிகர் பிளாரன்ஸில் இருந்திருக்க மாட்டார். கலை உயர்வைப் பார்த்தார்களா, செலவைப் பார்த்தார்களா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. இரண்டையும் பார்த்தார்கள் என்றே நினைக்கிறேன், அதில் தவறும் இல்லை. பார்த்துத் தீர்மானிக்க அவர்கள் முன்னால் உண்மையான வார்ப்பு இருந்தது என்பதுதான் முக்கியம். காகிதப் படமோ, களிமண் பொம்மையோ, வாய்ப்பேச்சோ அல்ல. அந்த உலோகத்துக்குக் காசு கொடுத்ததும் போட்டி நடத்தியவர்களே.

அந்தக் கதவு 1424-இல் முடிந்தது. 1425-இல் அதே கட்டடத்துக்கு இன்னொரு ஜோடிக் கதவு தேவைப்பட்டபோது போட்டி எதுவும் வைக்கவில்லை, நேரே கிபெர்ட்டியிடம் கொடுத்தார்கள். இரண்டாவது வேலை என்று நான் சொன்னது இதைத்தான்.

அடுத்த உதாரணம் வாஷிங்டன். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் அமைக்க 1981-இல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன. எதிலும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எட்டு நடுவர்கள் தேர்ந்தெடுத்தது 1026-ஆம் எண்ணை. உறையைப் பிரித்தால், யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின். சீனாவிலிருந்து குடியேறியவர்களின் மகள். ஆசியாவில் நடந்த ஒரு போரின் நினைவுச்சின்னத்துக்கு, பெயர் தெரிந்திருந்தால் தன்னைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா என்று பின்னாளில் அவரே கேட்டார். அடுத்து நடந்தவற்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நியாயம் என்று தெரியும். பெயர் வெளிவந்ததும் அவருடைய இனத்தைச் சொல்லியே தாக்கினார்கள். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட், அனுமதியை நிறுத்திவைத்தார். கடைசியில் சமரசமாக, பிரெடரிக் ஹார்ட் செய்த மூன்று படைவீரர்களின் வெண்கலச் சிலை 1984-இல் பக்கத்தில் சேர்ந்தது. ஹார்ட், அதே போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற குழுவில் இருந்தவர்.

பெயர் மறைத்துத் தேர்ந்தெடுப்பதன் பலம் முழுவதும் இந்தக் கதையில் இருக்கிறது. அதன் எல்லையும் இதில்தான் இருக்கிறது. உறை பிரியும்வரைதான் எண் காப்பாற்றும். பிறகு ஒரு மாணவி, தனியாக, அதிகாரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. வடிவமைப்பு நிலைத்ததற்கு அவருடைய பிடிவாதம் ஒரு காரணம். கட்டுமானத்துக்குப் பொறுப்பேற்க அனுபவமுள்ள கட்டடக் கலை நிறுவனம் ஒன்று அமர்த்தப்பட்டது இன்னொரு காரணம். அந்த நிறுவனத்தோடும் அவர் தன் கருங்கல் சுவருக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். 1989-இல் அலபாமாவின் மான்ட்கமரியில் குடிமை உரிமைப் போராட்ட நினைவுச்சின்னத்தை அவர் செய்தார். அங்கே அவரைத் தேடி வந்துதான் அழைத்தார்கள்.

இதே போட்டியைத் தோற்றவர்களின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு வாரம்தான் உழைத்தார் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 1,421 வாரம் என்றால் 27 ஆண்டு உழைப்பு. கலந்துகொள்ள ஆளுக்கு 20 டாலர் கட்டணமும் கட்டினார்கள். ஒரு நாட்டின் பெரும் நினைவுச்சின்னத்துக்கு இது தகும் என்று சொல்லலாம். ஆனால் இன்று ஒரு நகர்ப்புறக் குடியிருப்பின் முகப்பில் வைக்கும் சிறு சிற்பத்துக்கும் இதே முறை நடக்கிறது. வரைபடம், சிறு மாதிரி, பொருள் விவரம், விலைப்பட்டியல், பராமரிப்புக் குறிப்பு எல்லாம் வேண்டும், தோற்றால் காசு கிடையாது. புதியவர்களுக்கு உதவவே நடக்கும் போட்டி, புதியவர்களின் கூலியில்லா உழைப்பில் நடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாடகை கட்ட இன்னொரு வேலை பார்ப்பவர் இரண்டு மூன்று முறை தோற்றதும் விலகிவிடுவார். கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் வீட்டில் வசதி உள்ளவர். நடுவர்கள் பார்க்கும் முன்னாலேயே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. பெயர் மறைத்தாலும் அது மறையாது.

பரிசு பெரிதாக இருந்தும் சிற்பம் எழும்பாமலே போன கதை 1953-இல் நடந்தது. லண்டன் சமகாலக் கலைகள் நிறுவனம், பெயர் அறியாத அரசியல் கைதிக்கு நினைவுச்சின்னம் என்ற பொருளில் உலகளாவிய போட்டி நடத்தியது. 57 நாடுகளிலிருந்து சுமார் 3,500 பேர் விண்ணப்பித்தார்கள். பார்பரா ஹெப்வொர்த், நௌம் காபோ போன்றவர்களே இரண்டாம் பரிசோடு நிற்க, முதல் பரிசு ரெக் பட்லருக்குப் போனது. கட்டடக் கலை படித்து, போர்க்காலத்தில் கொல்லுலை வேலை கற்றுச் சிற்பத்துக்கு வந்தவர் அவர். டேட் காட்சியகத்தில் வைத்திருந்த அவருடைய சிறு மாதிரியை ஹங்கேரியிலிருந்து வந்த அகதி ஒருவர் கசக்கி எறிந்தார். பட்லர் மறுபடி செய்துகொடுத்தார். மேற்கு பெர்லினில் மிக உயரமாக எழுப்பத் திட்டம். எழும்பவே இல்லை. காசு கொடுத்தவர் யார் என்பதை அப்போது மறைத்திருந்தார்கள். அவர் ஜான் ஹே விட்னி என்ற அமெரிக்கச் செல்வந்தர் என்பது பிறகு தெரிந்தது. பனிப்போர் அரசியலுக்குப் போட்டி நடந்த செய்தியே போதுமானதாக இருந்தது, கட்டி முடிந்த சிற்பம் அவசியப்படவில்லை. இடமும் கட்டுவதற்கான பணமும் உறுதியாகாமல் போட்டி அறிவிப்பது சிற்பிக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

இதில் நமக்குப் பக்கத்துக் கிளை ஒன்று உண்டு. சென்னைக் கலைக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்ற கானாயி குஞ்ஞிராமன், 1965-இல் லண்டன் ஸ்லேடு கல்லூரிக்குப் போனபோது அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் இதே பட்லர். ஊர் திரும்பியவர் 1969-இல் மலம்புழை அணைத் தோட்டத்தில் 'யட்சி'யை நிறுத்தினார். ஆசிரியரின் பெருஞ்சின்னம் மேசை அளவிலேயே நின்றுபோனது, மாணவரின் சிற்பத்தை இன்றும் பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் பார்க்கிறார்கள். அதற்கு எந்த விருதும் தேவைப்படவில்லை. நம்பி இடம் கொடுத்த ஒரு அரசுத் துறை இருந்தது, அது போதுமானதாயிற்று. விருதுக்கு வெளியேயும் வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அந்த வழி, யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

கட்டியும் நிலைக்காத கதை மான்செஸ்டரில். 2002 காமன்வெல்த் போட்டிகளின் நினைவாக ஒரு சிற்பம் வேண்டும் என்று சிலரை அழைத்து நடத்திய தேர்வில் வென்றவர் தாமஸ் ஹெதர்விக். அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டிய வயது. 'பி ஆஃப் த பேங்' என்ற அந்தச் சிற்பம் 56 மீட்டர் உயரம், ஒரே மையத்திலிருந்து வெடித்துக் கிளம்பும் 180 எஃகு முட்கள். மாதிரியாகப் பார்த்தவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. 2005 ஜனவரியில், திறப்பு விழாவுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு முள்ளின் நுனி கழன்று விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் பல முட்கள் ஆட்டம் கண்டன. மாநகராட்சி வழக்குப் போட்டு, 2008-இல் 17 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆனது. 2009-இல் சிற்பத்தையே பிரித்து இறக்கினார்கள். மையத் தண்டு 2012-இல் 17,000 பவுண்டுக்குப் பழைய இரும்பாகப் போனது.

ஹெதர்விக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோ இருந்தது, பெரிய பொறியியல் நிறுவனங்கள் இருந்தன. அவர் தப்பித்தார், லண்டன் 2012 ஒலிம்பிக் தீக்கொப்பரையை வடிவமைக்கும் வேலையும் வந்தது. தனியாளாக, கடன் வாங்கிப் பட்டறை நடத்தும் ஒரு சிற்பிக்கு இது நடந்திருந்தால் அதோடு தொழில் முடிந்திருக்கும். அரை மீட்டர் மாதிரியில் காற்று அடிப்பதில்லை. அதிர்வு, உலோகச் சோர்வு, வெல்டின் தரம் எதுவும் அதில் தெரியாது. நடுவர்களோ அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே, புதிய சிற்பிகளுக்கு விருது வைக்கிறவர்கள் பணத்தை எங்கே கொட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. முதல் சுற்றில் ஒரு பக்கக் கருத்தும் ஓர் ஓவியமும் போதும், பெயர் வேண்டாம், கட்டணம் வேண்டாம். இரண்டாம் சுற்றுக்கு வரும் நான்கைந்து பேருக்கும் கூலி கொடுத்து, கூடவே ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் நேரத்தையும் கொடுக்க வேண்டும். முழு மாதிரிக்குப் பதிலாக, உண்மையான பொருளில் ஒரு கை, ஒரு மூட்டு, ஒரு சதுர அடி மேற்பரப்பு செய்துகாட்டச் சொல்லலாம். பிளாரன்ஸ்காரர்கள் கேட்டது அதைத்தான். வென்றவருக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். இன்சூரன்ஸ் தவணையும், முதல் சில ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவும் தொகைக்குள்ளேயே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பணம் இல்லை என்பவர்கள், ஆண்டுக்கு ஒன்று என்பதை மூன்று ஆண்டுக்கு ஒன்று என்று ஆக்கிக்கொள்ளலாம். பத்துப் பேருக்குப் பதக்கம் கொடுப்பதைவிட ஒருவரைத் தெருவரைக்கும் கொண்டுபோய் விடுவது மேல்.

விழா மலரில் வென்றவரின் படத்தோடு ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்கட்டும். சென்ற முறையும் அதற்கு முந்திய முறையும் வென்றவர்கள் இப்போது எந்த ஊரில், யார் பணத்தில், என்ன சிற்பம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற விவரம் அந்தப் பக்கத்தில் வேண்டும். எழுத எதுவும் இல்லாவிட்டால் காலியாகவே அச்சிடட்டும், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க நினைக்கும் சிற்பிக்கு அதுவும் தகவல்தான்.