கொண்டது விடாமை: நாடகச் சிதைவு நகைச்சுவையும் வட ஆர்க்காட்டுக் கூத்தின் கட்டியங்காரனும்

ஆய்வுச்சுருக்கம்

பயில்முறைக் குழுவொன்றின் நாடகம் மேடையிலேயே சிதைந்துபோவதைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவை, மேலை அரங்கில் நீண்ட மரபுடையது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஆடப்பெறும் கூத்தில் பிழைகள் நேர்ந்தாலும் அத்தகைய நகைச்சுவை தனி வகையாக உருப்பெறவில்லை. அதற்கான காரணத்தைத் தொல்காப்பியம் கூறும் 'மடன்' என்னும் கருத்தின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டியங்காரன், மடன், எள்ளல், பயில்முறை நாடகம், வட ஆர்க்காட்டுக் கூத்து

முன்னுரை

ஒரு நிகழ்ச்சி ஒழுங்கு குலைந்து முடிந்தால் அதனைக் 'கூத்து' என்பதும், நடைமுறைகளைப் பொருளற்றதாக்கும் செயலைக் 'கேலிக்கூத்து' என்பதும் இன்றைய தமிழ் வழக்கு. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் நுட்பமான இலக்கணத்தோடு பேசப்பட்ட ஒரு கலையின் பெயர், குழப்பத்திற்கான பெயராகவும் மாறியிருக்கிறது. கூத்து என்றாலே ஒழுங்கின்மை என்னும் முன்முடிவு இவ்வழக்கில் பதிந்துள்ளது. இம்முன்முடிவு சரியாயின், மேடைப் பிழைகளைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவைக்குக் கூத்தே சிறந்த விளைநிலமாக இருந்திருக்க வேண்டும். ஆயின் நடைமுறை அவ்வாறில்லை. இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

ஆய்வெல்லையாகப் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் பாலாற்றுப் பகுதி கொள்ளப்படுகிறது. 1989இல் பிரிக்கப்பட்ட அம்மாவட்டத்தின் ஒரு பகுதியே பின்னர் வேலூர் மாவட்டமாயிற்று. அது 2019இல் மீண்டும் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் பீடித் தொழிலும் வேளாண்மையும் கலந்து நிற்கும் இந்நிலப்பரப்பில், திரௌபதியம்மன் கோயில்களின் பாரத விழாக்கள் கூத்து மரபைத் தாங்கி வந்துள்ளன.

மடன் என்னும் நகைநிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. இவற்றுள் பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறுபட்டவை. பேதைமை அறிவின்மை. மடனோ, பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின்னர் விடாதிருத்தல் என உரைமரபு விளக்குகிறது. அறியாதவன் பேதை, கற்றதையே பற்றிக்கொண்டு, சூழல் மாறியபின்னும் அதனை விடமாட்டாதவன் மடவோன்.

நாடகச் சிதைவு நகைச்சுவையின் இயக்கத்தை விளக்க இவ்வேறுபாடு பெரிதும் உதவுகிறது. ஹென்றி லூயிஸ், ஜானதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய 'தி பிளே தட் கோஸ் ராங்' 2012இல் இலண்டனின் சிறிய அரங்கொன்றில் தொடங்கி, 2014இல் டச்சஸ் அரங்கிற்குச் சென்று, 2015இல் சிறந்த புதிய நகைச்சுவை நாடகத்திற்கான ஒலிவியே விருதைப் பெற்றது. கற்பனையான பயில்முறைக் குழுவொன்று கொலை மர்ம நாடகம் ஒன்றை நடத்த முயல்வதே அதன் கதை. கதவு திறக்க மறுக்கிறது. பிணமாகக் கிடப்பவர் அசைகிறார். சுவரில் மாட்டிய பொருள்கள் விழுகின்றன. எனினும் பொருள்கள் விழுவது மட்டுமே நகையைப் பிறப்பிப்பதில்லை. அவை விழுந்தபின்னும், விழாததுபோல நடிகர்கள் தம் வசனத்தைத் தொடர்வதே நகையைப் பிறப்பிக்கிறது. ஒரு காட்சியில் நடிகர் ஒருவர் முன்னரே சொன்ன தொடரை மறுபடி சொல்லிவிட, எதிரில் நிற்பவர் அதற்குரிய விடையையே மறுபடி சொல்ல, உரையாடல் சுழன்று சுழன்று தொடங்கிய இடத்திற்கே வருகிறது. அவர்கள் வசனத்தை மறந்தவர்கள் அல்லர், மறக்க இயலாதவர்கள். இதுவே மடன்.

மைக்கேல் ஃபிரெய்னின் 'நாய்சஸ் ஆஃப்' (1982) தொழில்முறை நடிகர்களைப் பற்றியதாயினும் அடிப்படை ஒன்றே. ஒரே நாடகத்தின் முதல் அங்கம் ஒத்திகையிலும், மேடையின் பின்புறமிருந்தும், பல ஊர்களில் ஆடித் தேய்ந்தபின் மேடையிலுமாக மூன்று முறை காட்டப்படுகிறது. மூலப் பாடம் பார்வையாளர் மனத்தில் முதலிலேயே பதிந்துவிடுவதால்தான் பின்னைய விலகல்கள் ஒவ்வொன்றும் நகையாகின்றன. ஆகவே இவ்வகைமைக்கு மூன்று முன்தேவைகள் உள்ளன: மாறக்கூடாத பாடம், பார்வையாளரை மேடையிலிருந்து பிரிக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர், எது நேரினும் நிறுத்தக்கூடாது என்னும் விதி.

சபா மேடையும் பாடத்தின் ஆட்சியும்

இம்முன்தேவைகளைத் தமிழ்ச் சூழலில் பெரிதும் நிலைநிறுத்தியவை சபா நாடகங்களே. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை, கல்வி கற்றோர் பிழைப்புக்காகவன்றி விருப்பத்தால் நடித்த பயில்முறை அமைப்பு. இளமையில் தமிழ் நாடகங்களைத் தாம் மதிக்காததையும், பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவே தம் மனத்தை மாற்றியதையும் பம்மல் தம் 'நாடகமேடை நினைவுகள்' நூலில் பதிவு செய்துள்ளார். எழுதப்பட்ட உரைநடை வசனம், மனப்பாடம், ஒழுங்கான ஒத்திகை, குறித்த காலத்தில் தொடங்கி முடித்தல் ஆகியன சபையின் பெருமைகளாயின.

அதே பம்மல் எழுதிய 'சபாபதி' என்னும் நகைச்சுவை நாடகம் 1941இல் ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கத் திரைப்படமாயிற்று. எசமானன், வேலைக்காரன் இருவர் பெயரும் சபாபதியே. இட்ட கட்டளையின் கருத்தை விட்டுச் சொல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் வேலைக்காரனின் செயல்களே படத்தின் நகைக்கு முதன்மை ஊற்று. இது மேடைச் சிதைவைப் பற்றிய கதையன்று. ஆயினும் சொல்லுக்குக் கட்டுப்படுதலை நடிப்பின் அறமாக வற்புறுத்திய ஒருவர், சொல்லுக்கு மிகையாகக் கட்டுப்படுதலையே நகைப்பொருளாகக் கண்டது தற்செயலாகத் தோன்றவில்லை. பாடத்தின் ஆட்சி வலுப்பெறும் இடத்தில்தான் மடனின் நகையும் வலுப்பெறுகிறது.

கட்டியங்காரன்: பிழைக்கு இடமளிப்பவன்

வட ஆர்க்காட்டுக் கூத்தின் அமைப்பு இதனின்று வேறுபட்டது. இரவில் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் முழங்க, கட்டியங்காரன் முதலில் களத்திற்கு வருகிறான். இருவர் பிடிக்கும் திரையின் பின்னிருந்து பாடித் தோன்றும் வேடத்தை, 'யார், எந்த நாடு, எதற்கு வந்தீர்' என வினவுபவன் அவனே. அவனே சேவகன், அவனே தூதுவன், தேவைப்படும் சிறு பாத்திரங்களும் அவனே. அரசன் செந்தமிழில் பேசும்போது அவன் ஊர்ப் பேச்சில் விடையிறுக்கிறான். துவாபர யுகத்து அத்தினாபுரத்தில் நின்றுகொண்டே உள்ளூர்ச் செய்தியைப் பேசவும், பின்பாட்டுக்காரரை வம்புக்கிழுக்கவும், பார்வையாளரை நேரே விளிக்கவும் அவனுக்கு உரிமையுண்டு.

இவ்வுரிமையின் பயனைக் கூத்தாய்வுகள் பெரும்பாலும் நகைச்சுவை, சமூக விமரிசனம் என்னும் இரு தலைப்புகளில் அடக்குகின்றன. அவற்றோடு மூன்றாவதொன்றையும் சேர்க்க வேண்டியுள்ளது. அது பிழை மேலாண்மை. அடுத்த வேடம் கட்டி முடிக்கப்படாவிடில் அவன் பேச்சை நீட்டுகிறான். கிரீடத்தின் கட்டுத் தளர்ந்தால் அதுவே அவனுடைய அடுத்த வினாவாகலாம். அடி மறந்த அரசனை 'மகாராசா யோசனையில் இருக்கிறார்' எனச் சொல்லிக் காப்பாற்றலாம். சபா மேடையில் மறைக்கப்பட வேண்டிய பிழை, கூத்தில் பேசப்படக்கூடிய நிகழ்ச்சியாகிறது. பேசப்பட்ட பிழை சிதைவாக வளர்வதில்லை. சிதைவு நகைச்சுவைக்குரிய மூன்று முன்தேவைகளுள் சுவரையும் நிறுத்தக்கூடாது என்னும் விதியையும் அவன் ஒருவனே செயலற்றதாக்கிவிடுகிறான்.

கூத்தர்களும் வாத்தியாரிடம் பாடங்கேட்டு மனப்பாடம் செய்தவர்களே என்னும் மறுப்பு இங்கு எழலாம். அது உண்மையே. 'கர்ண மோட்சம்' போன்ற கூத்துகளின் விருத்தங்களும் தருக்களும் வரையறுத்த பாடம் உடையவை. ஊர் இளைஞர்கள் வாத்தியார் ஒருவரை அமர்த்திப் பயின்று ஆடும் வழக்கிலும் மனப்பாடமே அடிப்படை. ஆகவே வேறுபாடு மனப்பாடம் இருப்பதிலோ இல்லாமையிலோ இல்லை. பாடத்திலிருந்து விலகும் உரிமையை ஒரு பாத்திரத்திற்கு மரபே வழங்கியுள்ளதா என்பதில்தான் உள்ளது. தென்மாவட்ட ஸ்பெஷல் நாடகமும் இதற்குச் சான்று. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்படும் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்திப்பதை சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார். மேலை நகைச்சுவையில் பேரழிவுக்குக் காரணமாகக் காட்டப்படும் நிலை அங்கு அன்றாட நடைமுறை. பபூனும் ஆர்மோனியக் கலைஞரும் உடனிருப்பதால் அது நாடகமாகவே நிறைவுறுகிறது.

நகைக்கப்படாத பிழை

கூத்தில் எல்லாப் பிழைகளும் பேச்சால் ஈடுசெய்யப்படுவன என்று கொள்ளுதல் மிகையாகும். அருச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார்; கீழே பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் காத்திருக்கின்றனர். துகிலுரிதலின்போது கற்பூரம் ஏற்றி வணங்கும் வழக்கமுண்டு. படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் பேருருவின் முன் கூத்தும் சடங்கும் ஒன்றாகின்றன. இவ்விடங்களில் நேரும் பிழை நகையாவதில்லை, தெய்வக்குற்றமாகக் கருதப்படுகிறது.

எனவே மேடைப் பிழைக்கு மூன்று நிலைகள் உள்ளன: மறைக்க முயன்று சிதைவாகும் பிழை, பேசப்பட்டு ஆட்டத்தில் கரையும் பிழை, அஞ்சப்படும் பிழை. முதல் நிலை சபா மேடைக்கும் பின்னிரண்டும் கூத்துக்கும் உரியன. எந்தப் பிழை பேசத்தக்கது, எது அஞ்சத்தக்கது என்னும் எல்லையை அறிந்திருப்பதே கூத்தரின் தேர்ச்சி. ஒழுங்கின்மை என வெளியிலிருந்து காணப்படுவதன் உள்ளே இத்தகைய ஒழுங்கு உள்ளது.

யார் யாரைக் கண்டு நகைப்பது

இவ்வகைமையின் மூல வடிவங்களுள் ஒன்றாகக் கருதப்படும், 1595 அளவில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில், நெசவாளர், தச்சர், தையற்காரர் முதலிய உழைப்பாளிகள் அரசனின் திருமணத்திற்காக நாடகம் போடுகின்றனர். சிங்கமாக வருபவர் தாம் சிங்கமல்லர் எனப் பெண்களுக்கு விளக்குகிறார். சுவராக வருபவர் தாம் சுவர் என்று அறிவிக்கிறார். அவையோர் நகைக்கின்றனர். அவர்கள் நகைப்பதற்கு முன்பே, கைகளால் உழைப்போரின் நாடகம் இது என்னும் அறிமுகம் அவர்களுக்குத் தரப்பட்டுவிடுகிறது. இங்கு மடன் எள்ளலாக மாறுகிறது. பாடத்தை விடமாட்டாமை என்னும் மானிடப் பொதுக்குறை, உழைப்பாளியின் குறையாகச் சுருங்குகிறது.

வேடிக்கை என்னவெனில், சிங்கத்தின் அத்தன்னறிமுகம் கூத்தில் பிழையே அன்று. வேடம் தன்னைத் தானே அறிவிப்பதும், அவ்வறிவிப்பைக் கட்டியங்காரன் வினவிப் பெறுவதும் மரபு. ஓர் அரங்கின் இலக்கணம் மற்றோர் அரங்கின் அளவுகோலால் அளக்கப்படும்போது பிழையாகத் தோன்றுகிறது. சிற்றூர் நாடகத்தைக் கேலி செய்யும் தமிழ்த் திரைக் காட்சிகள் பலவற்றில் நிகழ்வதும் இத்தகைய அளவுகோல் மாற்றமே. வேடமிட்டவர் ஊர்ப் பேச்சில் பேசுவதையும் பார்வையாளருடன் உரையாடுவதையும் அவை சறுக்கலாகக் காட்டுகின்றன. பகலில் தோல் பதனிடும் தொழிலிலோ வயலிலோ உழைத்துவிட்டு இரவில் கூத்தைக் காண வருவோருக்கு அது சறுக்கலன்று. அவர்கள் எதிர்பார்த்து வந்த பகுதியே அதுதான்.

இதற்கு மாறான போக்கும் தமிழ்த் திரையில் உண்டு. பாலாஜி தரணீதரன் இயக்கிய 'சீதக்காதி' (2018), மறைந்த நாடகக் கலைஞரின் ஆற்றல் பிறர் வழியே வெளிப்படுவதாகக் கற்பனை செய்கிறது. அவ்வாற்றல் விலகியதும் படப்பிடிப்பில் ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் நடிக்க முயன்று தோற்கும் நீண்ட பகுதி, சிதைவு நகைச்சுவையின் இலக்கணங்களை முழுமையாகக் கொண்டது. அங்கு நகைப்புக்கு உள்ளாவது எளிய நாடகக் கலைஞர் அல்லர். அக்கலையின் உழைப்பின்றி அதன் புகழை மட்டும் நுகர முயலும் திரை வணிகமே. எள்ளலின் திசை மாறும்போது அதன் அறமும் மாறுகிறது.

முடிவுரை

நாடகச் சிதைவு நகைச்சுவை பயில்முறை நடிகரின் திறமையின்மையிலிருந்து பிறப்பதில்லை. பாடத்தை விடமாட்டாத மடனிலிருந்து பிறக்கிறது. மாறாப் பாடமும் சுவரும் நிறுத்தாமை விதியும் ஒருங்கு கூடிய மேடையிலேயே அது செழிக்கிறது. வட ஆர்க்காட்டுக் கூத்து, விலகும் உரிமையைக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்ததன் வழி அந்நகைக்குரிய இடத்தை முன்னரே நிரப்பிவிட்டது. அவ்வகைமை அங்கு உருப்பெறாமை குறையன்று. அரங்க நுட்பம் ஒன்றின் விளைவு.

இதனின்று ஆய்வுநெறி சார்ந்த ஒரு கோரிக்கையும் எழுகிறது. கூத்துகளை அச்சுக்குக் கொண்டுவரும்போது கட்டியங்காரனின் அன்றன்றைய பேச்சு பாடத்திற்குப் புறம்பானதெனப் பெரும்பாலும் விடப்படுகிறது. மேடைக்கென நேரம் குறுக்கப்பட்ட நிகழ்வுகளிலும் முதலில் சுருங்குவது அவன் பகுதியே. அவனை நீக்கி எஞ்சிய பாடத்தை மட்டும் ஆடும்போது கூத்தும் சபா மேடையின் விதிக்குள் வந்துவிடுகிறது. அப்போது நேரும் பிழையை ஏந்திக்கொள்ள எவரும் இருப்பதில்லை. ஒரு கூத்தின் பதிவு முழுமையுற வேண்டுமாயின் அன்றிரவு நேர்ந்த பிழைகளும், அவற்றைக் கட்டியங்காரன் எதிர்கொண்ட விதமும் பாடத்தின் பகுதியாகவே பதியப்பட வேண்டும்.