செருப்புக் கடை மருந்துக் கடையாகும்போது

பழைய வாடகைதாரர் காலி செய்த மறுநாளே தச்சர் டேப்போடு வந்து நிற்பார். செருப்புப் பெட்டிக்கு ஓரடிக்கு மேல் ஆழமுள்ள தட்டு வேண்டும். மாத்திரை அட்டைக்கு அதில் பாதி போதும். மிச்சமாகும் அரையடி, ஆள் நடக்கிற வழியாகிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் கேட்கின்றன. அதற்குள்ளேயே இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ், பக்கத்தில் பிளக் பாயிண்ட், பில் போடும் மேசை. எட்டுக்கு நாலு பிளைவுட்டில் துண்டு வீணாகாமல் அறுத்தெடுக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஆணி அடிக்காமல் அவர் ஸ்க்ரூ போடுவது. ஒப்பந்தம் முடிந்தால் ரேக் முழுசாகக் கழன்று வரும். கட்டட ஓனருக்குச் சுவர் பழுதில்லாமல் திரும்பும். இப்படி வேலை செய்கிறவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள்.