9.79-க்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண்

2024 ஆகஸ்ட் 4 இரவு, பாரிஸ். ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்பது ஓடியவர்களுக்கே தெரியவில்லை. எட்டுப் பேரும் மூச்சிரைக்க நின்று பெரிய திரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அரை நிமிடம் போலத் திரை வாய் திறக்கவில்லை. பிறகு அமெரிக்காவின் நோவா லைல்ஸ் பெயர் முதலில் வந்தது: 9.79. இரண்டாவது, ஜமைக்காவின் கிஷேன் தாம்சன். அவருக்கும் 9.79.

அந்த ஓட்டத்தைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் முடிவுத்தாள். அதில் 9.79-க்குப் பக்கத்தில் இன்னோர் எண் நிற்கிறது. லைல்ஸுக்கு 9.784, தாம்சனுக்கு 9.789. பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி முன்னது 9.78 ஆகியிருக்க வேண்டும். தடகள விதி அதற்கு ஒப்புக்கொள்ளாது. ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் அடுத்த நூறாம் பங்குக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும். ஓடாத வேகத்தை ஓடியதாக யார் பெயரிலும் ஏற்றிவிடக் கூடாதென்ற கண்டிப்பு அது. ஆனால் முந்தியவர் யாரென்று பார்க்கும்போது, ஒதுக்கி வைத்த அந்த மூன்றாம் இலக்கத்தைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு நேர்மையை ஒரு புள்ளிக்குப் பின்னால் வைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அந்த இலக்கம் பிறக்கும் இடம் இன்னும் அழகு. ‘ஃபோட்டோ ஃபினிஷ்’ என்றதும் ஏதோ ஒரு கணத்தைச் சட்டென்று பிடித்த படம் என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கேமரா பார்ப்பது முடிவுக்கோட்டை மட்டும்தான். கோட்டின் மெல்லிய கீற்று ஒன்றை விநாடிக்கு 40,000 முறை எடுத்து, பாய் முடைவது போலக் கீற்றோடு கீற்றாகச் சேர்க்கிறது. ஆகவே அந்தப் படத்தின் அகலம் முழுவதும் நேரம்தான். தூரத்துக்கு அதில் இடமே இல்லை. கோட்டின்மேல் ஒரு கணம் ஊன்றிய பாதம் படகு போல நீண்டுவிடும். கோடு வெள்ளையாக இருப்பதால் பின்புலம் முழுக்க வெள்ளை. அன்றைய படத்தில் தாம்சனின் கால் முன்னால் கிடக்கிறது. விதி கேட்பது காலையும் தலையையும் கையையும் அல்ல, உடற்பகுதியை. அங்கே லைல்ஸ் முந்துகிறார். திரையில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோட்டை நகர்த்திக் கொண்டுபோய் அவருடைய உடலின் விளிம்பில் வைப்பவர் நடுவர். அந்த அரை நிமிட மௌனம் அவருடைய கைக்காகத்தான் காத்திருந்தது.

தொடக்கத்திலும் இதே நுணுக்கம் உண்டு. தாம்சன் நாலாம் தடம், லைல்ஸ் ஏழாம் தடம். பழைய காலம் போல உள்பக்கம் ஒருவர் நின்று துப்பாக்கி சுட்டால், நாலைத் தாண்டி ஏழுக்குப் போய்ச் சேர ஒலிக்கு ஏறக்குறைய நூறில் ஒரு விநாடி பிடிக்கும். இருவருக்கும் முடிவில் இருந்த இடைவெளியோ அதில் பாதி! அதனால்தான் இப்போது ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி. சத்தம் எல்லாருக்கும் ஒன்றாகக் கேட்கிறது. எண்களை உற்றுப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கும்.

நடுவர் ஒப்பியதும் அந்த எண் கிளம்புகிறது. மைதானத் திரை, தொலைக்காட்சியின் அடிப்பட்டை, வர்ணனையாளர் முன்னுள்ள திரை, செய்தி நிறுவனங்கள், நம் கைபேசி எல்லாவற்றுக்கும் ஒரே ஊற்றிலிருந்து ஒரே எண் போகிறது. பழைய ஓட்டங்களின் குறிப்போடு ஒப்பிட்டு, 9.79 லைல்ஸின் வாழ்நாள் சிறப்பு நேரம் என்ற குறியும் சேர்கிறது. காற்றின் வேகம் +1.0. இப்படி எல்லாம் ஒழுங்காகப் போகும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. 1964 டோக்கியோவிலேயே முடிவுகளைக் கணினி வழியே திரட்டினார்கள். 1996 அட்லாண்டாவிலோ செய்தி நிறுவனங்களுக்குப் போன விவரங்கள் தாமதமாயின, பிழைபட்டன. வலைப்பின்னல் அறுந்தால், மின்சாரம் போனால் என்றெல்லாம் பொய்ச் சிக்கல்களை உண்டாக்கி, போட்டிக்கு முன்பே ஒத்திகை பார்ப்பது இன்று வழக்கம்.

ஒரு விளையாட்டின் இலக்கணம் இன்னொன்றுக்கு ஒத்துவராது என்பதும் முடிவுகளைத் திரட்டி அனுப்பும் இந்த அமைப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலவை நீச்சலில் குன்னார் லார்சன் 4:31.981, டிம் மெக்கீ 4:31.983. விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கில் தங்கம் முடிவானது. பிறகு நீச்சல்காரர்கள் யோசித்தார்கள். குளத்தின் எல்லாத் தடத்தையும் அவ்வளவு துல்லியமாக ஒரே நீளத்தில் கட்ட முடியாதே! நூறாம் பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதன் விளைவு 2016 ரியோ 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் தெரிந்தது. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வென்றார். அவருக்கு அடுத்து ஃபெல்ப்ஸ், லே க்ளோஸ், செஹ் மூவருக்கும் 51.14. மூன்று வெள்ளி, வெண்கலம் கிடையாது. தாளில் 2, 2, 2 என்று வந்து, அடுத்த வரி 5. அந்தத் தாவலைக் கண்டால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

நம்மவர்களுக்கு நூறாம் பங்கின் கனத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் 400 மீட்டர் தடையோட்டத்தின் தாளில், ருமேனியாவின் கோஜோகாருவுக்கு 55.41. அதற்குக் கீழே நாலாவது வரியில் பி.டி.உஷா, 55.42.