முயற்சியும் பிறப்பும்: பாமாவின் ‘கருக்கு’ எழுப்பும் பொறுப்பு குறித்த வினா

முன்னுரை

ஒருவரது வாழ்வில் நேரும் இன்னல்களுக்கு அவரே பொறுப்பா, அவர் பிறந்த சமூகத்தின் அமைப்பு பொறுப்பா என்னும் வினா தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதன்று. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கியுள்ளது. ஆயினும், மனிதர் மனிதர்மீது விதிக்கும் தடையை ஊழ் என்று கொள்ள இயலாது. முயற்சியின்மை என்றும் கூற இயலாது. 1992இல் வெளிவந்த பாமாவின் தன்வரலாற்று நூலான ‘கருக்கு’ இத்தடையைப் பேசுகிறது. அந்நூலில் முயற்சியும் சாதிய ஒடுக்குமுறையும் எவ்வாறு எதிர்நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வி என்னும் வழி

மூன்றாம் வகுப்பில் படிக்கும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலவுடைமையாளரிடம் பணிந்து கொடுப்பதைக் காண்கிறாள். அவளுக்கு வேடிக்கையாகத் தோன்றிய அக்காட்சியின் பொருளை அண்ணன் விளக்கியதும் சிரிப்பு சினமாக மாறுகிறது. அண்ணன் காட்டும் வழி கல்வி. முதல் மாணவியாகத் திகழ்ந்தால் பிறர் தாமாகவே நெருங்கி வருவர் என்கிறார். அவள் அவ்வாறே படிக்கிறாள், தோழமையும் கிடைக்கிறது. எனவே, முயற்சி வீண் என்பது ‘கருக்கு’ கூறும் செய்தியன்று. ஆனால், நூலகத்திலிருந்து நூல்களுடன் திரும்பும் அண்ணனிடமே எந்தத் தெரு என்று கேட்கப்படுகிறது. அக்கேள்வி முகவரியை அன்று, சாதியை அறியவே கேட்கப்படுகிறது. படிப்பு அக்கேள்விக்குத் துணிந்து விடையளிக்கும் வலிமையைத் தருகிறது. கேள்வியை இல்லாமல் ஆக்கவில்லை.

பிழையும் பழியும்

தென்னையில் ஏறி விளையாடியபோது விழுந்த காயைத் திருடியதாகச் சிறுமிமீது பழி விழுகிறது. தலைமையாசிரியர் அதைச் சாதியின் இயல்பாகவே காண்கிறார். பங்குத்தந்தையும் அவள் சேரியைச் சேர்ந்தவள் என்பதையே சான்றாகக் கொள்கிறார். இந்நிகழ்ச்சி ஒரு முரணை வெளிப்படுத்துகிறது. வறுமைக்குக் காரணம் கேட்டால் தனிமனிதரின் முயற்சியின்மையைச் சுட்டும் சமூகம், பிழை என ஒன்று தோன்றியதும் தனிமனிதரை விட்டுப் பிறப்பைச் சுட்டுகிறது. தன் செயலுக்குத் தானே பொறுப்பாகும் உரிமைகூட அச்சிறுமிக்கு வழங்கப்படவில்லை. பொறுப்பை வலியுறுத்துவோர், அதை ஏற்கும் தகுதியுடைய தனிமனிதராக அவளை முதலில் மதித்திருக்க வேண்டும்.

தன் முடிவும் தன் பொறுப்பும்

இதனால் நூலாசிரியர் தம் பொறுப்பைத் துறந்துவிட்டார் எனக் கொள்வது பொருந்தாது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணியாற்றும் விருப்பத்துடன் ஆசிரியப் பணியைத் துறந்து துறவற மடத்தில் சேர்ந்ததும், அங்கே வசதியுடையோருக்கே பணி நடப்பதைக் கண்டு வெளியேறியதும் அவர் தாமே எடுத்த முடிவுகள். அவற்றின் விளைவான வேலையின்மையையும் தனிமையையும் அவர் மறைக்கவில்லை. மடத்தினுள்ளும் நிலவிய சாதிப் பாகுபாட்டைக் கூறும் அதே குரல், அம்மடத்தைத் தேர்ந்தது தானே என்பதையும் கூறுகிறது.

முடிவுரை

‘கருக்கு’ நூலைக் கல்வியால் உயர்ந்தவரின் வெற்றிக்கதையாக மட்டும் வாசித்தால் தெருவைக் கேட்கும் குரல் மறைந்துவிடும். துன்பப் பதிவாக மட்டும் வாசித்தால் முடிவெடுக்கும் பெண் மறைந்துவிடுவாள். பனைமட்டையின் கருக்கு இருபுறமும் அறுப்பது. அதுபோல் இந்நூல், ஒருவர் தம் செயலுக்குப் பொறுப்பேற்பதையும் அவர்மீது இழைக்கப்பட்ட அநீதிக்குச் சமூகம் பொறுப்பேற்பதையும் ஒருசேரக் கோருகிறது. முன்னதை வற்புறுத்திப் பின்னதைத் தவிர்க்கும் வாசிப்பு, நூல் எதிர்க்கும் பாகுபாட்டையே தொடர்வதாகும்.