முன்னமும் நோக்கமும்: டெக்சாஸ் பல்கலைக்கழகப் பாட்டுச் சர்ச்சை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் போட்டிகளில் மரபாக இசைக்கப்பெறும் ‘தி ஐஸ் ஆஃப் டெக்சாஸ்’ என்னும் பாட்டு, 2020ஆம் ஆண்டில் கடும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. பாட்டை இயற்றியவரின் நோக்கம் இனவெறி சார்ந்ததா என்னும் வினாவையே பல்கலைக்கழகத்தின் விசாரணை முதன்மைப்படுத்தியது. ஒரு கூட்டத்தார் சேர்ந்து பாடும் பாட்டின் பொருளை இயற்றியவரின் நோக்கத்தால் மட்டும் வரையறுக்க இயலாது என்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் ஆகிய உறுப்புகளின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்த்துதல், முன்னம், ஆசிரியர் நோக்கம், கல்லூரிப் பாட்டு, மின்ஸ்ட்ரல் காட்சி, செய்யுளியல்

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்பது பாடத்திட்டத்திற்குப் புறம்பான பொழுதுபோக்கு அன்று. பல்லாயிரம் பேர் கூடும் அரங்கமும், முன்னாள் மாணவர்களின் நன்கொடையும், தொலைக்காட்சி வருவாயும் அதனைச் சூழ்ந்துள்ளன. அவ்வரங்கில் ஒலிக்கும் பாட்டு, பல்கலைக்கழகம் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் சடங்காகிறது. சடங்குப் பாட்டைப் பாடுவோர் தம் சொந்தக் குரலில் பாடுவதில்லை. நிறுவனத்தின் குரலாக நின்று பாடுகின்றனர். ஆகவே அதனைப் பாட மறுப்பவர் பாட்டை மட்டுமல்லாது, தமக்கு அளிக்கப்பட்ட குரலையும் மறுக்கிறார். டெக்சாஸ் சர்ச்சையின் மையம் இதுவே. ஆயினும் அது குறித்த விவாதம் பெரும்பாலும் 1903ஆம் ஆண்டில் ஒரு மாணவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைச் சுற்றியே நிகழ்ந்தது.

பாட்டின் தோற்றம்

இப்பாட்டு 1903 மே 12 அன்று ஆஸ்டினில் இருந்த ஹான்காக் ஆப்பெரா அரங்கில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பல்கலைக்கழகத் தடகள அணிக்கு நிதி திரட்ட நடத்தப்பட்ட மின்ஸ்ட்ரல் காட்சி அது. வெள்ளையர்கள் முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு, கறுப்பினத்தாரின் பேச்சையும் நடையையும் எள்ளி நடிக்கும் கேளிக்கையே மின்ஸ்ட்ரல் காட்சி எனப்பட்டது. பாட்டை இயற்றியவர் ஜான் சின்கிளேர் என்னும் மாணவர். இரயில்பாதைத் தொழிலாளரைப் பற்றி அக்காலத்தில் வழங்கிய பாட்டொன்றின் மெட்டில் இது அமைந்தது. அந்த மூலப்பாட்டு 1894இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பாட்டுத் தொகுப்பில் அச்சேறியிருந்தது. கறுப்பினத் தொழிலாளர் பேச்சைப் போலி செய்யும் நடை அதிலும் காணப்பட்டது.

பாட்டின் உள்ளடக்கம் எளியது. மாநிலத்தின் கண்கள் உங்களை இடைவிடாது நோக்குகின்றன, அவற்றிலிருந்து தப்ப முடியாது என்று அது மாணவர்களிடம் கூறுகிறது. பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் பிரேதர் தம் உரைகளில் வழக்கமாகக் கூறிவந்த அறிவுரையை மாணவர்கள் கேலியாக எடுத்தாண்டதன் விளைவே இது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் லீ, போருக்குப் பின் வர்ஜீனியாவிலுள்ள வாஷிங்டன் கல்லூரியின் தலைவராக இருந்தார். அங்குப் பயின்ற பிரேதர் லீயின் சொற்றொடரையே மாற்றி வழங்கினார் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது.

1905இல் பிரேதர் மறைந்தபோது அவரது இறுதிச் சடங்கிலும் இப்பாட்டு பாடப்பட்டது. தலைவரைக் கேலி செய்யப் பிறந்த பாட்டு ஈராண்டுகளில் அவருக்கான இரங்கற்பாட்டாக மாறியது. சொல் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. களன் மாறியது, பொருளும் மாறியது. இப்பாட்டின் வரலாற்றைப் படிப்பவர் முதலில் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

2020ஆம் ஆண்டுக் கோரிக்கை

2020 மே 25 அன்று மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நாடெங்கும் போராட்டங்கள் எழுந்தன. அடுத்த மாதம் டெக்சாஸ் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். இனவெறியோடு தொடர்புடையவர்களின் பெயர்களைக் கட்டடங்களிலிருந்து நீக்குதல், அமெரிக்கக் கால்பந்து அணியில் முதல் கறுப்பின வீரராகத் திகழ்ந்த ஜூலியஸ் விட்டியருக்குச் சிறப்புச் செய்தல் முதலியவற்றோடு, பாட்டை மாற்றுதலும் அதில் இடம்பெற்றது. பயிற்சியும் ஆட்டமும் தொடரும் என்றும், நன்கொடையாளர் நிகழ்ச்சிகளிலும் புதிய வீரர்களை ஈர்க்கும் முயற்சிகளிலும் பங்கேற்க இயலாது என்றும் அவர்கள் அறிவித்தனர்.

அவ்வாண்டு ஜூலையில் இடைக்காலத் தலைவர் ஜே ஹார்ட்செல் பல கோரிக்கைகளை ஏற்றார். ராபர்ட் லீ மூர் பெயரிலிருந்த கட்டடம் பெயர் மாற்றம் பெற்றது. விட்டியருக்குச் சிலை அமைக்க முடிவாயிற்று. ஆடுகளத்திற்கு எர்ல் கேம்பெல், ரிக்கி வில்லியம்ஸ் என்னும் கறுப்பின வீரர்களின் பெயர்கள் சூட்டப்பெற்றன. பாட்டு மட்டும் நீடிக்கும் என அறிவிக்கப்பட்டது. கல்லும் பலகையும் மாறலாம், குரல் மாறக்கூடாது என்பதே இம்முடிவின் உட்பொருள்.

அக்டோபர் 10 அன்று டல்லாஸ் நகரில் ஓக்லஹோமா அணியிடம் தோற்றபின், பாட்டு ஒலிக்கையில் அணியின் முன்னணி வீரர் சாம் எலிங்கர் ஏறத்தாழத் தனியராய்க் களத்தில் நிற்கும் படம் பரவலாகப் பகிரப்பட்டது. முன்னாள் மாணவர் பலர் நிர்வாகத்திற்குச் சினத்துடன் மின்னஞ்சல் அனுப்பினர். நன்கொடையை நிறுத்திவிடுவதாகச் சிலர் எச்சரித்தனர். பாட்டின்போது அணியினர் களத்தில் ஒருங்கே நிற்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பை விளையாட்டுத்துறை இயக்குநர் கிறிஸ் டெல் கான்டே தெரிவித்தார். அம்மாத இறுதியில் பெய்லர் அணியுடன் நடந்த ஆட்டத்தில், பாட்டை இசைக்க உடன்படும் கலைஞர் போதிய அளவில் இன்மையால் பல்கலைக்கழக இசைக்குழு பங்கேற்கவில்லை. ஒலிப்பதிவே அரங்கில் ஒலித்தது.

அறிக்கையின் ஆய்வுமுறை

பாட்டின் வரலாற்றை ஆராய 24 பேர் கொண்ட குழு ஒன்றைப் பல்கலைக்கழகம் அமைத்தது. பேராசிரியர் ரிச்சர்ட் ரெடிக் தலைமையிலான அக்குழு 2021 மார்ச்சில் அறிக்கை அளித்தது. மின்ஸ்ட்ரல் காட்சியில் பாட்டு அரங்கேறியதை அறிக்கை ஒளிவின்றி ஏற்றுக்கொண்டது. லீயிடமிருந்து சொற்றொடர் வந்தது என்னும் கருத்துக்குப் போதிய சான்றில்லை என்று காட்டியது. பாட்டு வெளிப்படையான இனவெறி நோக்கத்தோடு இயற்றப்படவில்லை என முடிவு கூறியது. எவரையும் பாடும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றும் பரிந்துரைத்தது.

வரலாற்று ஆவணமாக இவ்வறிக்கை மதிக்கத்தக்கது. செவிவழிச் செய்தியைச் சான்றிலிருந்து பிரித்துக் காட்டிய அதன் நேர்மை பாராட்டுக்குரியது. குறை, அது கண்ட விடையில் இல்லை. பொதுவிவாதம் அவ்விடையைப் பயன்படுத்திய முறையில் உள்ளது. வீரர்கள் எழுப்பிய வினா ‘இன்று இப்பாட்டை எங்கள் குரலில் எவ்வாறு பாடுவது?’ என்பது. கிடைத்த விடை ‘அன்று இதனை இயற்றியவர் தீய எண்ணத்தோடு இயற்றவில்லை’ என்பது. அறநிலை சார்ந்த நிகழ்கால வினாவுக்கு வரலாறு சார்ந்த இறந்தகால விடை அளிக்கப்பட்டு, வினா முடிந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. படைப்பை மதிப்பிட ஆசிரியரின் நோக்கம் அளவுகோல் ஆகாது என விம்சாட், பியர்ட்ஸ்லி ஆகியோர் 1946இலேயே வாதிட்டனர். தனிக்கவிதைக்கே அது பொருந்துமாயின், தலைமுறை தலைமுறையாகப் பலர் வாயில் வழங்கும் பாட்டுக்கு மேலும் பொருந்தும்.

டிக்சி: ஓர் ஒப்பீடு

மிசிசிப்பி பல்கலைக்கழக அரங்கில் நெடுங்காலம் இசைக்கப்பட்ட ‘டிக்சி’ இதனைத் தெளிவாக்கும். ஒஹாயோவில் பிறந்த டேனியல் எம்மெட்டின் படைப்பாகக் கருதப்படும் அப்பாட்டு, 1859இல் நியூயார்க் மின்ஸ்ட்ரல் மேடையில் அரங்கேறியது. வடபுலத்தில் பிறந்த அதே பாட்டு, 1861இல் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றபோது இசைக்கப்பட்டுத் தென்புலத்தின் அடையாளமாயிற்று. 1865 ஏப்ரலில் போர் முடிவுறும் நாள்களில் ஆபிரகாம் லிங்கன் அதனை இசைக்கச் சொன்னபோது, வென்றவர் கைப்பற்றிய பாட்டாக அது பொருள் தந்தது.

மிசிசிப்பியில் அதன் பொருள் வேறு வகையாக இறுகியது. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தபோது வளாகத்தில் கலவரம் மூண்டது. டிக்சி இடம்பெற்ற இசைக்கோவை ஒன்றின் முடிவில், தென்புலம் மீண்டும் எழும் என்று மாணவர்கள் முழக்கமிட்டு வந்தனர். 2009இல் பல்கலைக்கழகம் அவ்விசைக்கோவையை நிறுத்தியது; 2016இல் டிக்சியையே விலக்கியது. அந்த முழக்கம் பாட்டில் இல்லாதது, கேட்போர் சேர்த்தது. எம்மெட்டின் நோக்கத்தை எவ்வளவு துருவினாலும் அம்முழக்கத்தின் விளக்கம் கிடைக்காது.

செய்யுளியல் உறுப்புகள் காட்டும் வழி

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளாக முப்பத்துநான்கினை எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை முதலிய வடிவ உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவும் அவ்வரிசையில் நிற்கின்றன. யார் கூறுகிறார், யார் கேட்கிறார், எங்கு, எப்போது, எதன்பொருட்டு என்னும் வினாக்கள் செய்யுளுக்குப் புறத்தே நிற்கும் பின்னணிச் செய்திகளாகக் கருதப்படவில்லை. செய்யுளின் உறுப்புகளாகவே கருதப்பட்டன. இயற்றியவர் மனத்தில் இருந்த நோக்கம் என ஓர் உறுப்பு அப்பட்டியலில் இல்லை. ‘நோக்கு’ என்னும் உறுப்பும் செய்யுளின் அமைப்பைச் சார்ந்ததேயன்றி, இயற்றியவரின் உள்ளக்கிடக்கையைச் சார்ந்ததன்று.

இவற்றுள் இச்சர்ச்சைக்கு மிக நெருங்கிய உறுப்பு முன்னம். இந்த இடத்தில் இந்தச் சொல் இன்னார் இன்னாரிடம் கூறுதற்கு உரியது என்று உணரவைப்பதே முன்னம். சங்கப் பாடல்களில் கூற்றுக்குரியோரை அறியப் பயன்படும் இக்கருத்தை நிகழ்த்துகலைக்கு விரித்துக் கொள்வதில் தடையில்லை. 1903இல் கூற்றுக்குரியோர் சாயம் பூசிய வெள்ளை மாணவர், கேட்போரும் வெள்ளையர். கறுப்பினத்தார் அங்குக் கூறுவோரும் அல்லர், கேட்போரும் அல்லர். எள்ளப்படும் பொருளாக மட்டுமே இருந்தனர். இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழகம் சேர்த்தது 1956இல்தான். 2020இல் அதே பாட்டின் கூற்றுக்குரியோராகக் களத்தில் நிறுத்தப்பட்டவர்களுள் கணிசமானோர் கறுப்பின வீரர். பாட்டு யாரை எள்ளிய மேடையில் பிறந்ததோ அவர்தம் வழித்தோன்றல்கள் அதனைப் பெருமிதத்தோடு பாடவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. முன்னம் முறிந்த இடம் இதுவே.

பயன் என்னும் உறுப்பையும் கருதவேண்டும். கண்காணிப்பைக் கேலியாகப் பாடிய பாட்டு, 2020இல் கண்காணிப்பின் கருவியாகவே ஆயிற்று. பாட்டு ஒலிக்கும்போது யார் நின்றார், யார் வெளியேறினார் என்று அரங்கிலும் திரையிலும் கண்கள் எண்ணத் தொடங்கின. அன்று ஊதியமின்றி உதவித்தொகையில் ஆடிய வீரர்மீது நன்கொடையாளரின் கண்கள் பதிந்தன. கேலியாகச் சொன்னது உண்மையாயிற்று.

எதிர்வாதங்கள்

களன் மாறப் பொருள் மாறுமெனின், நூறாண்டு வழக்கில் பாட்டு தன் பிறப்பின் கறையைக் கழுவிக்கொண்டது எனலாமே என்னும் வாதம் வலிமையானது. பட்டமளிப்பிலும் இறுதிச் சடங்கிலும் இதனைப் பாடியோர்க்கு இது நட்பின் நினைவு. அந்நினைவைப் பொய்யென ஒதுக்குதல் முறையன்று. ஆனால் இவ்வாதம் பாடுவோர் தாமே விரும்பிப் பாடுவதை அடிப்படையாகக் கொண்டது. விரும்பிப் பாடுவோர் வாயில் பாட்டு புதுப்பொருள் பெறும். கட்டாயத்தின்கீழ் அது பழம்பொருளையே மீட்டுக்கொள்ளும்.

இதனால் 2021 ஏப்ரல் முடிவு ஆய்வுக்குரியதாகிறது. எவரையும் பாடக் கட்டாயப்படுத்தலாகாது என்று அறிக்கை கூறிய மறுமாதமே, முதன்மை இசைக்குழுவினர் பாட்டை இசைத்தே ஆகவேண்டும் என்றும், இசைக்க விரும்பாதோர்க்கு வேறோர் இசைக்குழு அமையும் என்றும் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஹெமன் ஸ்வெட் என்னும் கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுத்து, தனிச் சட்டப்பள்ளி அமைத்துச் சமாளிக்க முயன்ற டெக்சாஸ் அரசின் செயலை 1950இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவ்வழக்கில் எதிர்தரப்பாக நின்றதும் இதே பல்கலைக்கழகமே. இரண்டும் ஒன்றல்ல, எனினும், உடன்படாதோரைத் தனியே இருத்தித் தீர்வு காணும் மனப்போக்கு இரண்டிலும் காணப்படுகிறது.

முடிவுரை

பாட்டை நீக்கவேண்டுமா என்பதற்குச் செய்யுளியல் நேரடி விடை தராது. எவ்வகைச் சான்றைத் தேடவேண்டும் என்பதையே அது காட்டும். இயற்றியவரின் குற்றமின்மையை நிறுவுவதால் பாடுவோரின் உடன்பாடு நிறுவப்படுவதில்லை. டெக்சாஸ் அறிக்கை முதல் வினாவைத் திறம்பட ஆராய்ந்தது. இரண்டாம் வினாவை நிர்வாகம் ஆணையால் முடித்துவைத்தது. மரபுப் பாட்டுகளைத் தொகுப்போரும் பதிப்போரும் ஆராய்வோரும் தோற்ற வரலாற்றோடு நின்றுவிடாது, இன்று அவற்றை யார் வாயில் யார் வைக்கிறார் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாத வரலாறு பாட்டின் சொற்களை மட்டுமே காக்கும், முன்னத்தைத் தவறவிடும்.