ஏற்றம் நின்றபின் ஏற்றப்பாட்டு

கம்பரைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்றுண்டு. ஏற்றம் இறைப்பவன் ஒருவன் பாடிய பாட்டில் சொக்கி நின்றாராம் அவர். அன்றைய இறைப்பு முடிந்தது; பாட்டும் பாதியில் நின்றது. அவன் வீடு போய்ச் சேர்ந்தான். எஞ்சிய அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணி ஓய்ந்த கவிச்சக்கரவர்த்தி, மறுநாள் அவன் மீண்டும் இறைக்க வரும்வரை காத்திருந்தாராம். கதை நடந்ததோ இல்லையோ, ஓர் உண்மையை அஃது அறிந்து வைத்திருக்கிறது: தொழிற்பாட்டை முடித்து வைப்பது பாடுவோன் அல்லன், வேலைதான்.

ஏற்றப்பாட்டில் எண்கள் வரும். இறைத்த சால்களைப் பாட்டே கணக்கிடும். கரைவலை இழுக்கும் மீனவரின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் 'ஏலேலோ' என்று ஏற்கும் அந்த அசையில்தான் அத்தனை கைகளும் ஒருசேரக் கயிற்றை வலிக்கும். பொருளற்றதெனத் தோன்றும் அச்சொல்லே பாட்டின் முதுகெலும்பு. (வள்ளுவரின் நண்பரென்று சொல்லப்படும் ஏலேலசிங்கரின் பெயரே அது என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா.)

பெர்சி மக்வீன் திரட்டிய பாடல்கள் கி.வா. ஜகந்நாதனின் பதிப்பில் 'மலையருவி'யாக 1958இல் வந்தன, நா. வானமாமலையின் தொகுப்புகள் தொடர்ந்தன. இவர்கள் இல்லையேல் நம்மிடம் எஞ்சியிருப்பது மிகக் குறைவு. எனினும் அச்சில் ஏறியவை சொற்களே. இழுப்பின் இடைவெளியும், ஏற்றுப் பாடுவோரின் மூச்சும் தாளில் நிற்பனவல்ல.

திரைப்படமோ நேர்மாறு. அது 'ஏலேலோ'வை வைத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டது. 'படகோட்டி' (1964) மீனவர் துயரை உருக்கமாகவே பாடிற்று. ஆனால் அப்பாட்டு உழைப்பைப் பற்றிப் பேசுகிறதே தவிர, உழைப்பை நடத்தவில்லை. மூன்று நான்கு நிமிட இசைத்தட்டுக்குள் அடங்க வேண்டிய பாட்டு, வலை கரையேறும்வரை எப்படி நீளும்? ஏற்றுப் பாடிய கூட்டமும் பின்னணிக் குரலாகச் சுருங்கிற்று. உழவர் குடியில் பிறந்த மருதகாசி 'மக்களைப் பெற்ற மகராசி'க்கு (1957) எழுதிய உழவுப் பாட்டையும், 'அன்னக்கிளி'யில் (1976) இளையராஜா நாட்டுப்புற மெட்டுக்குத் தந்த கௌரவத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவை நல்ல பாட்டுகள். ஆனால் வேறு பாட்டுகள்.

சினிமா நாட்டுப்பாட்டைக் கொன்றுவிட்டதென்று புலம்புவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஏற்றப்பாட்டை ஓயச் செய்தது மின்சாரப் பம்புசெட்டு. நாள் முழுதும் ஏற்றம் மிதித்துக் கால் கடுத்தவனிடம் அதற்காக வருந்தச் சொல்ல நமக்கு உரிமையுமில்லை. நாம் கேட்பது வேறு. ஏற்றம் மிதித்த முதியோர் சில ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களை நாடுவோர் பாட்டை மட்டும் கேட்டுத் திரும்பிவிடுகின்றனர். எத்தனையாவது சாலில் மூச்சு வாங்கினீர்கள், அப்போது பாட்டைத் தொடர்ந்தவர் யார் என்றும் கேட்டு வரட்டும்.