கைப்பக்குவமும் கணக்கும்

எத்தெல் மேரேயின் பெயரை நான் முதலில் பார்த்தது ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிய ஒரு குறிப்பில். ‘முதல் மனைவி’ என்று சொல்லிவிட்டு அந்தக் குறிப்பு அவரைக் கடந்து போனது. இலங்கையில் கணவரோடு சேர்ந்து கைவினைகளைப் பதிவுசெய்தவர், 1908இல் வந்த ‘மீடியீவல் சிங்களீஸ் ஆர்ட்’ நூலுக்குப் பல புகைப்படங்களை எடுத்தவர் என்பதெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டவை. அந்த மணவாழ்க்கை முறிந்தபின் இங்கிலாந்தில் நெசவாளராக வாழ்ந்தார். ‘ராயல் டிசைனர் ஃபார் இண்டஸ்ட்ரி’ பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். 1916இல் தாவரச் சாயங்கள் குறித்து அவர் எழுதிய சிறு நூல், ‘எ புக் ஆன் வெஜிடபிள் டைஸ்’. அதை ஒரு பெண்ணாக எப்படி வாசிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வீடுகளில் பெண்ணின் அறிவுக்கு ஒரு பெயர் உண்டு: கைப்பக்குவம். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கைப்பக்குவத்தை யாரும் பாடமாக வைப்பதில்லை. அதற்குக் கூலி கேட்கவும் முடியாது. அது அவளோடு பிறந்தது, அவளோடு போய்விடும். மேரே இந்தப் பாராட்டில் மயங்கவில்லை. ஒரு பவுண்டு கம்பளிக்குக் கால் பவுண்டு படிகாரம் என்று எடை சொல்கிறார். எந்த வேர், எந்த உப்பு, எவ்வளவு நேரம் என்று எழுதிவைக்கிறார். முன்பின் தெரியாத இன்னொரு பெண் அதைச் செய்து பார்க்கலாம், தவறென்றால் திருத்தலாம். இந்த நூலின் பெண்ணியம் எனக்கு அந்த எடைகளில்தான் தெரிகிறது.

நானும் செய்து பார்த்தேன். அரைக் கிலோ கம்பளி நூலுக்கு 125 கிராம் படிகாரம். சாயத்தை இழையோடு பிணைப்பது படிகாரம்தான். அது இல்லாவிட்டால் பல தாவர நிறங்கள் துவைப்பில் போய்விடும். பிறகு, நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் வேர். சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். தளதளவென்று கொதித்தால் சிவப்பு பழுப்பாகத் திரும்பும். சூடான கம்பளியைச் சட்டென்று குளிர்நீரில் போட்டு அலசினால் இழைகள் சிக்கிச் சுருங்கும். நனைந்த கம்பளியைத் தூக்கித் தூக்கி, மறுநாள் முழுக்கத் தோள் வலித்தது. நூலில் சொன்ன எடைகள் சரியாக இருந்தன. தோள்வலிக்குத்தான் அதில் அளவு இல்லை.

இங்கேதான் எனக்கு நூலோடு பிணக்கு. ஸ்காட்லாந்தின் பாறைகளில் படரும் ‘குரோட்டல்’, நம் சமையலில் போடும் கல்பாசிக்கு உறவு. அதையும் கம்பளியையும் அடுக்கடுக்காகப் பானையில் வைத்துப் பல மணி நேரம் கொதிக்கவிட்டால் செம்பழுப்பு வரும், படிகாரம்கூட வேண்டாம். வேறு சில பாறைப்பாசிகளைப் புளித்த சிறுநீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து ஊதா எடுத்தார்கள். வீட்டுச் சாயவேலை அங்கே பெண்களின் வேலை. பாசிக்கு நூலில் எடை உண்டு. ஒரு பவுண்டு பாசி சுரண்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கு இல்லை. புத்தகம் எழுதிய பாங்க்ராஃப்ட் போன்ற ஆண்கள் பெயரோடு வருகிறார்கள். சுரண்டியவர்களுக்கு ‘ஹைலாந்து முறை’ என்று ஊர்ப்பெயர்தான் மிஞ்சுகிறது.

‘இயற்கை’ என்ற சொல்லையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 1856இல் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவைத் தொடர்ந்து வந்த செயற்கைச் சாயங்கள் மேரேக்கு உவப்பில்லை. ஆனால் அவர் சொல்லும் உப்புகளில் படிகாரத்தோடு வெள்ளீயமும் குரோமும் உண்டு. பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று இன்று நமக்குத் தெரியும். நிறம் செடியிலிருந்து வந்தாலும், பானையருகே நின்று கிளறுபவளின் கையும் மூச்சும் படும் பாட்டை ‘இயற்கைச் சாயம்’ என்ற கடைச்சீட்டு சொல்லாது. கைப்பக்குவம் என்ற சொல் அவள் அறிவை மறைத்தது என்றால், இயற்கை என்ற சொல் அவள் உழைப்பை மறைக்கிறது. நிறத்தின் பெருமை மொத்தமும் செடிக்குப் போய்ச் சேர்கிறது.

ஆனாலும் எழுதிவைத்ததால்தானே மேரேயோடு என்னால் சண்டை போட முடிகிறது? அவர் குறிப்பை என் நோட்டில் படியெடுத்து, அடியில் என் கணக்கையும் சேர்த்திருக்கிறேன்: தண்ணீர் 40 லிட்டர், அடுப்பருகே 5 மணி நேரம், கம்பளியைத் தூக்க இரண்டு பேர். அடுத்துச் செய்யும் பெண் இதையும் திருத்தி எழுதட்டும்.